ஈரலும் பட்டினியும்

ஐம்பதுகளில் நான் கோயம்புத்தூரில் ஆராய்ச்சி மாணவன். கல்லூரியில் எலி வளர்க்க இடம் போதாமல், மீனாட்சிபுரத்தில் எங்கள் மாட்டுக் கொட்டகையின் மூலையில் பன்னிரண்டு வெள்ளெலிகளைக் கூண்டில் வைத்திருந்தேன். காலையில் அவற்றில் ஆறுக்குக் காட்டுக்கொடி ஒன்றின் வேர்ச்சாற்றை ஊசியாகப் போடுவேன்; மற்ற ஆறுக்கு வெறும் உப்புநீர். பிறகு பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போய்விடுவேன். பத்தாம் நாள் எலிகளைக் கொன்று, ஈரலை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப்போவேன்.

வேர்ச்சாறு ஈரலிலுள்ள ரைபோ நியூக்ளிக் அமிலத்தைக் குறைக்கிறது என்பது என் கட்சி. ஈரலை அரைத்து, ரசாயனம் சேர்த்துக் கொதிக்கவைத்தால் பச்சை நிறம் வரும். பச்சை வெளிறினால் அமிலம் குறைவு. இரண்டு வருஷமாகச் சாறு ஏறிய எலிகளுக்கு வெளிறித்தான் வந்தது. பட்டத்துக்கு இன்னும் ஒரே ஒரு தொகுதி எலிகள்தான் பாக்கி.

அந்தத் தொகுதியில் பன்னிரண்டு குழாயும் ஒரே பச்சை. ரசாயனத்தை மாற்றினேன், மறுபடி கொதிக்கவைத்தேன். இம்மியும் வெளிறவில்லை.

ஊருக்கு வந்ததும் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்கப்பா, கூண்டுப் பக்கம் போனீங்களா?"

"போனஞ் சாமி. ஆறு மட்டும் தீனி எடுக்காம மந்தமாக் கெடந்துச்சு. இந்தத் தடவ மனசு கேக்காமத் துணித்திரியப் பால்ல நனைச்சு ஊட்டுனேன். அப்புறம் கம்பங்கூழு. தெனமும் மூணு வேளை."

"ஐயோ, உங்கள ஆரு ஊட்டச் சொன்னது? எல்லாமே நாசமாப் போச்சுங்க!"

"அடைச்சு வெச்ச சீவன் பசியில கெடந்தா நாம எப்படிச் சோறு திங்கறது?" என்றார். நோஞ்சான் கன்றுக்கும் அவர் அப்படித்தான் ஊட்டுவார்.

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள்தான் உறைத்தது. வேர்ச்சாறு ஏறிய எலிகள் சரியாகத் தின்பதில்லை என்பதை நானும் பார்த்திருந்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா ஊட்டியதும் அமிலம் குறையவில்லை. அப்படியானால் மடையன் நான் இரண்டு வருஷமாக அளந்தது சாற்றின் வேலையை அல்ல, பசியை.

பேராசிரியரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் உடனே வழி சொன்னார். ஊசியே போடாத ஆறு நல்ல எலிகளுக்கு, சாறு ஏறியவை தின்னும் அளவு தீனியை மட்டும் கொடுக்க வேண்டும். அவற்றின் ஈரலிலும் அமிலம் குறைந்தால் காரணம் பசிதான்; விஷயம் முடிந்தது.

அப்பாவிடம் எல்லாவற்றையும் விளக்கி, ஊட்டக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். "செரி" என்றார். அந்தப் பத்து நாளும் அவர் கொட்டகைக்கு வரவில்லை. மாடுகளைக்கூட வேப்பமரத்தடியில் கட்டிக் கறந்தார். ஆறு எலிகளும் கம்பியைக் கடித்துக்கொண்டே இருந்தன. பதினோராம் நாள் குழாய்களில் பச்சை வெளிறி வந்தது.

அதையே ஆய்வேடாக எழுதிக் கொடுத்தேன். பட்டம் கிடைத்ததைச் சொல்ல ஓடிவந்தேன். அப்பா வாய்க்காலில் கை கழுவிக்கொண்டிருந்தார். சொன்னதைக் கேட்டுத் தலையசைத்தார்.

"அந்த ஆறுக்கும் கடேசி நாளாச்சும் வயித்துக்கு ஏதாச்சும் போட்டியா?" என்றார்.

இல்லை என்றேன்.