தோளுக்கு மேல் போகாத மட்டை

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் விழுப்புரம் ரயில்வே லோகோ ஷெட்டில் கரி அள்ளிக்கொண்டிருந்தார். நிரந்தர வேலை இல்லை. எந்த நாள் வேண்டாம் என்பார்களோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தோம். ஷெட் ஃபோர்மன் துரைக்கு ஹாக்கிப் பைத்தியம். நன்றாக ஆடுகிறவனுக்கு வேலை நிரந்தரம் என்பது காலனியில் எல்லோருக்கும் தெரியும். பெருமுக்கல் திருவிழாவில் இவர் சிலம்பம் சுற்றிப் பெயர் வாங்கியவர் என்று யாரோ சொல்ல, துரை இவர் கையிலும் ஒரு மட்டையைக் கொடுத்துவிட்டார்.

முதல் பந்தயத்துக்குத் திண்டிவனத்திலிருந்து என் அப்பா உறவுக் கூட்டத்தையே பாசஞ்சர் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மாப்பிள்ளை கம்பு சுற்றப் போகிறார் என்றுதான் சொல்லி அழைத்து வந்திருக்கிறார். மடி நிறைய வறுத்த வேர்க்கடலை, எங்கள் ஊர் மல்லாட்டை வேறு. எனக்கும் அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

நடுவில் இருவர் எதிரெதிரே நின்று மட்டையால் தரையைத் தட்டி, பிறகு மட்டையோடு மட்டையைத் தட்டினார்கள். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

"சலாம் வெச்சிக்கினுதான் ஆரம்பிக்கிறாங்க பாரு. நம்ம ஆட்டந்தான்!"

நம் கோல்காரருக்கு முன்னால் காவலாக நின்றிருந்த இவரிடம் பந்து வந்தது. மட்டையைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றி ஒரே அடி. பந்து மைதானத்தின் அந்தக் கோடிக்குப் பறந்தது. எங்கள் கூட்டம் எழுந்து கத்தியது. அம்பயர் விசில் ஊதிப் பந்தை எதிராளியிடம் கொடுத்துவிட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இன்ஜின் டிரைவரின் மனைவியிடம், ஆங்கிலோ இந்தியச் சட்டைக்கார அம்மாவிடம், நேராகவே கேட்டேன்.

"ஏம்மா, நல்லா அட்ச்சவர உட்டுட்டு அவனுங்களுக்குக் குடுக்குறாரே, இது இன்னா நியாயம்?"

"நோ, நோ. ஸ்டிக் தோளுக்கு மேல போனா ஃபவுல். பக்கத்துல இருக்கிற ஆளுக்கு மண்டை உடையும்ல?"

அப்புறம் நான் அந்த அம்மாவை விடவில்லை. மட்டையின் தட்டையான பக்கத்தால் மட்டுமே அடிக்க வேண்டும்; காலால் உதைக்கக் கூடாது; காலில் பட்டை கட்டிக் கோலில் நிற்பவன் மட்டும் உதைக்கலாம். கோலுக்கு முன்னால் சுண்ணாம்பால் போட்ட அரைவட்டத்துக்கு வெளியிலிருந்து அடித்துக் கோல் போட்டால் செல்லாது. தெரியாமல் இருந்தவரை நிம்மதியாக மல்லாட்டை தின்றேன். தெரிந்துகொண்ட பிறகு அது கையிலேயே கிடந்தது. இவரோ கூட்டத்தின் கூச்சலில் மறுபடியும் மறுபடியும் மட்டையைத் தூக்கினார்.

அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"போம்மா, கீழயே வெச்சிக்கினு ஆடுறதுக்கு அது இன்னா தொடப்பமா?"

இடைவேளையில் துரையே மைதானத்துக்குள் வந்து, எல்லோர் காதிலும் விழும்படி இவரிடம் சொன்னார்.

"இன்னொரு வாட்டி தூக்கினா நீ டீம்லயும் இல்ல, ஷெட்லயும் இல்ல."



ஆட்டம் முடிய இன்னும் சற்று நேரம்தான். எங்கள் ஷெட் ஒரு கோல் முன்னால் இருந்தது. அரைவட்டத்துக்குள் புகுந்த எதிராளி ஓங்கி அடித்தான். பந்து தரையில் பட்டு எகிறி, இவர் முகத்துக்கு நேரே வந்தது. கோல்காரர் விழுந்து கிடந்தார்.

"தூக்குங்க மாப்ள! தூக்குங்க!" என்று எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் அலறினார்கள்.

இவர் தோள் மேலே எழும்பியது. நான் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன். மட்டை பாதியிலேயே நின்றுவிட்டது. இடது கை மட்டும் மேலே போயிற்று. பந்து உள்ளங்கையில் மோதிய சத்தம் வேலி வரைக்கும் கேட்டது. காலடியில் விழுந்த பந்தை ஒரு கையில் பிடித்த மட்டையாலேயே வெளியே தள்ளினார்.

"கையால தட்த்துட்டாரே, தப்பாம்மா?" என்று அந்த அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"தப்பில்ல, கையால நிறுத்தலாம்" என்றார். ஆனால் அடிபட்ட கையைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னார். ஜெயித்துவிட்டோம். இவருக்கு இரண்டு விரல் உடைந்திருந்தது.

துரை சொல் தவறவில்லை; நிரந்தர வேலைக்கு இவர் பெயரை எழுதிக் கொடுத்தார். ஆனால் நிரந்தரமாக்கும் முன் ரயில்வே டாக்டர் உடம்பைப் பார்க்க வேண்டும். கட்டுப் பிரித்த பிறகும் அந்த விரல்கள் மடங்காமல் விறைத்தே இருந்தன. கரி வாரும் ஷவலைப் பிடிக்க முடியாதவனை யார் வைத்துக்கொள்வார்கள்? ஆஸ்பத்திரி வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். இரண்டு கையையும் மூடச் சொன்னார் டாக்டர். இவர் மூடினார். கழுத்து நரம்பு புடைத்தது. முகத்தில் வலியே தெரியவில்லை. சரியாக இருக்கிறது என்று டாக்டர் தலையாட்டினார்.

வெளியே வந்ததும் வலது கை திறந்தது. இடது கை திறக்கவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார வைத்து ஒவ்வொரு விரலாக நான் பிரித்துவிட்டேன். துரையை, ஹாக்கியை, என் அப்பாவை எல்லாரையும் திட்டித் தீர்த்துக்கொண்டே அழுதேன்.

"அதான் வேல நெலச்சிடுச்சே, இன்னும் ஏன் அழுவுற?" என்றார் இவர். "ஜல்தி பிரி. ஷெட்டுக்குப் போவணும்."