தூங்கிய டிரைவரை எழுப்பினேன்

நீங்கள் நம்பப் போவதில்லை, அது எனக்கே தெரியும். எங்கள் தெருவில் யாருக்காவது சாமி வந்தால்கூட, "எயுந்து போய்ப் பாத்திரத்தக் கயுவு" என்று சொல்கிற ஆள் நான். பேய், பிசாசு, காத்து, கருப்பு எதையும் நம்பியதில்லை. அப்படிப்பட்டவளுக்குத்தான் பட்டப்பகலில், எண்ணூர் ரோட்டில் இப்படி நடந்தது.

என் மகள் சந்தியாவுக்கு உல்லாசக் கப்பலில் அறை சுத்தம் செய்கிற வேலை கிடைத்திருந்தது. எங்கள் நெட்டுக்குப்பத்தில் வாசலைத் திறந்தால் கடல், திரும்பின பக்கமெல்லாம் துறைமுகம், ஆனால் இவள் ஏற வேண்டிய கப்பல் மட்டும் கொழும்பிலிருந்துதான் கிளம்புமாம். பாஸ்போர்ட், விசா, மருத்துவப் பரிசோதனை என்று அலைந்து என் செருப்பு தேய்ந்தது. அன்றைக்கு விமானத்தைப் பிடித்தால்தான் மறுநாள் கப்பல். விட்டால் அந்த இடத்துக்கு வேறு பெண் தயாராக இருக்கிறாள் என்று ஏஜென்ட் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டான். அவள் அப்பா போன பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே நல்ல சேதி அது.

பக்கத்து வீட்டு அமீர் பாயின் ஆட்டோவில் ஏறினோம். விம்கோ நகர் மெட்ரோ வரை போனால் போதும், ஏர்போர்ட்டில் போய் இறங்கிவிடலாம். கடல் தாண்ட ஒரு மணி நேரம்தானாம், விம்கோ நகர் போக ஒரு ஜென்மம் வேண்டும்! துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன, ஒன்றும் அசையவில்லை. சரி, சந்தில் நுழையலாம் என்று பாய் வண்டியைத் திருப்பினால், சந்தின் வாயை அடைத்துக்கொண்டு ஒரு லாரி. டிரைவர் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்குகிறார். நாள்கணக்கில் வரிசையில் கிடப்பவர்கள், பாவம். வரிசை நகரும்போது பின்வண்டிக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டி எழுப்புவார், அதுதான் அங்கே வழக்கம். அன்றைக்கு ஒருத்தரும் தட்டக் காணோம்.

பாய் ஹாரன் அடித்து ஓய்ந்தார். சந்தியா அழ ஆரம்பித்தாள். எனக்கு வந்ததே கோபம், இறங்கிப் போய்க் கதவில் ஓங்கி ஓங்கி அறைந்தேன்.

"யோவ், செத்தா பூட்ட? எயுந்திருய்யா! என் பொண்ணு கப்பலு பூடும்!"

மெல்லத் தலையைத் தூக்கினார். கழுத்தில் பச்சைத் துண்டு, நெற்றியில் ஸ்டியரிங் பதிந்த தடம். என்னைப் பார்த்தார், ஆட்டோவில் இருந்த சந்தியாவைப் பார்த்தார்.

"எழுப்பிட்டீங்களே அக்கா," என்றார். அவ்வளவுதான், வண்டியைப் பின்னால் எடுத்து வழிவிட்டார். அவசரத்தில் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை நான்.

விமானம் கிடைத்துவிட்டது. சாயங்காலம் மெட்ரோவில் இறங்கி, பாயின் ஆட்டோவிலேயே திரும்பினால், அதே சந்து முனையில் கூட்டம், ஆம்புலன்ஸ். பச்சைத் துண்டு தொங்க அந்த ஆளைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாச்சு நைனா?" என்றேன் பின்வண்டி டிரைவரிடம்.

"மாரடைப்புக்கா. விடியறதுக்கு முன்னாடியே உசுரு பூட்ச்சாம், ஒடம்பே வெறச்சுக் கீது. தூங்குறாருன்னு நென்ச்சுக்கினு வுட்டுட்டோம். ஆனா சந்த அடச்சுக்கினு இருந்த வண்டிய யாரு பின்னால எடுத்தாங்கன்னுதான் ஒர்த்தருக்கும் தெர்ல."

பாய் என்னைப் பார்த்தார், நான் பாயைப் பார்த்தேன். நான் ஏறி உட்கார, பாய் வண்டியைக் கிளப்பிவிட்டார். சொன்னால் ஸ்டேஷனுக்கு யார் நடப்பது?

மறுநாள் சந்தியா கப்பலிலிருந்து போன் செய்தாள். அப்பாடா என்று உட்கார்ந்தேன். அந்தச் சாவைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை, பயந்துகொண்டு திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது? அவளாகத்தான் ஆரம்பித்தாள்.

"அம்மா, இங்க கொழும்புலயும் துறைமுக கேட்டாண்ட ஒரே டிராபிக்கு. டாக்ஸி நகரவே இல்ல. நேத்து பச்சைத் துண்டு போட்டுக்கினு ஒரு அண்ணன் வழி வுட்டாரே, அவரு இங்க கீறாரும்மா, அதே வண்டியோட! இங்கயும் பின்னால எடுத்து வழி வுட்டாரு. உனக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னாரு."

"இன்னா சொன்னாரு?"

"நான் இன்னும் முழிச்சுக்கிட்டுதான் இருக்கேன்னு அக்காகிட்ட சொல்லிடு, அப்டின்னாரு."

ஒரு பாஸ்போர்ட்டுக்கு நாங்கள் நாயாக அலைந்தோம், அந்த மனுஷர் லாரியோடு கடல் தாண்டிவிட்டார்! இன்றைக்கும் அந்தச் சந்தைத் தாண்டும்போதெல்லாம், "போதும்யா, தூங்குய்யா" என்று வாய்விட்டுச் சொல்கிறேன். அவர் அங்கே இருந்தால்தானே கேட்கும். பார்த்தால் தூங்கச் சொல்லடி என்று சந்தியாவிடம் சொல்லலாம், ஆனால் எதற்கு என்று அவள் கேட்பாளே.