சோற்றோடு பிளேன்டீ

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் எதிர்வீட்டுச் சுகந்தியின் மகள் தாரணி எப்போதும் வெளிறிப்போயிருப்பாள். சுகந்தி அவளுக்குச் சோற்றோடு பால் விடாத பிளேன்டீ கொடுப்பதை ஒருநாள் பார்த்தேன். தேநீர் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்பது எனக்குத் தெரியும். "படிச்ச பொம்பிளை, பிள்ளையை இப்பிடியா வளர்க்கிறது?" என்று லிஃப்டில் கண்டவர்களிடமெல்லாம் கதைத்தேன். அதோடு விட்டேனா? விளையாட வரும் தாரணிக்கு என் மகளின் இரும்புச்சத்து டொனிக்கை ரகசியமாகக் கொடுத்துவந்தேன்.

பிள்ளை தாயிடம் சொல்லிவிட்டாள். சுகந்தி வந்தாள், கோபிக்கவில்லை.

"அக்கா, அவவுக்குத் தலசீமியா, ரத்தம் சரியா ஊறாத வருத்தம். மாசாமாசம் ரத்தம் ஏத்துறம். அதால இரும்பு கூடி ஈரலில, இதயத்தில படியுது. சாப்பாட்டாலயும் சேரக்கூடாதெண்டுதான் டொக்டர் தேத்தண்ணி குடுக்கச் சொன்னவர்."

"ஐயோ, எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"பொம்பிளைப் பிள்ளை, அக்கா. நீங்கள் எல்லாரிட்டயும் கதைப்பீங்களெண்டு பயந்தனான்."

அவள் போன பிறகும் கதவைச் சாத்தாமல் நின்றேன்.

நல்லவேளை, பிறகு தாரணிக்குச் செய்த பரிசோதனையில் பெரிய பாதிப்பில்லை. இப்போது தாயைக் கேட்காமல் எந்தப் பிள்ளைக்கும் எதுவும் கொடுப்பதில்லை. தாரணி எங்கள் வீட்டில் சாப்பிடும் நாட்களில், அந்தப் பிளேன்டீயை நானே ஊற்றிக் கொடுக்கிறேன்.