அம்மா முதலில் சாப்பிட்டது ஏன்

அப்பாவின் கருமாதியன்று, படையல் போடுவதற்கு முன்பே அம்மா அடுப்படியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். பார்த்தவர்கள் பார்த்தீர்கள். பார்க்காதவர்களுக்குப் பார்த்தவர்கள் சொல்லிவிட்டீர்கள். நம் சொந்தத்தில் செய்தி பரவ வாட்ஸ்அப்பே தேவையில்லை. ஆனால் இந்த ஓராண்டில் ஒருவரும் எங்களிடம் நேரில் கேட்கவில்லை. முதலாண்டு நினைவு மலருக்கு மூத்த மகள் என்ற முறையில் நான் எழுத வேண்டும் என்று தம்பி சொன்னதும், கேட்காத அந்தக் கேள்விக்கே பதில் எழுத முடிவு செய்தேன்.

அப்பா பாலோ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். பெற்றோர் இருவரும் ரப்பர் பாலுக்காகப் பட்டை சீவி, பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் எண்ணெய்க்கான செம்பனைக்கு மாறி, தொழிலாளர்களின் லயன் வீடுகள் காலியானபோது, அம்மாவையும் கைக்குழந்தையான என்னையும் அழைத்துக்கொண்டு தெப்ரா நகரத்துக்கு வந்து, தொழிற்சாலைப் பேருந்து ஓட்டினார். கடைசி ஆள் ஏறும்வரை வண்டியை எடுக்கமாட்டார். மூச்சிரைக்க ஓடிவரும் பெண்களிடம், "மெதுவா வாம்மா, பஸ்ஸு எங்கயும் ஓடிப்போயிடாது" என்பாராம். அதற்காக மேலாளரிடம் அவர் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. அந்தச் சம்பளத்தில்தான் நானும் தம்பியும் படித்து ஆளானோம்.

அம்மாவுக்கு ஒரு வைராக்கியம் உண்டு. கல்யாணமான நாளிலிருந்து, அப்பா சாப்பிடாமல் அவர் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. "இந்தக் காலத்துல யாரும்மா இப்படி இருக்காங்க?" என்று கேட்டால், "நீ உன் வீட்ல எப்படியோ இருந்துக்க" என்று என் வாயை அடைத்துவிடுவார். நீரிழிவு வந்த பிறகும் அதை விடவில்லை.

அப்பாவுக்கு நெடுநாளாகச் சிறுநீர்த் தொல்லை இருந்திருக்கிறது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. முதுகுவலி என்று மருத்துவமனைக்குப் போனபோது, புரோஸ்டேட் புற்றுநோய் எலும்புவரை பரவியிருந்தது. ஊசியோடு, வீட்டிலேயே விழுங்கும் மாத்திரையும் கொடுத்தார்கள். அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும். போட்ட பிறகு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. கூடவே கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையையோ சாப்பாட்டோடுதான் போட வேண்டும். கர்ப்பிணிகள் அந்த முதல் மாத்திரையை வெறுங்கையால் தொடவே கூடாது. அப்போது நான் வயிற்றுப்பிள்ளைக்காரி. மாத்திரைப் போத்தல் பக்கம் போனாலே, "அங்குட்டுப் போ. என் பேரப்பிள்ளைய பத்திரமா வச்சிக்க" என்று அப்பா விரட்டுவார்.

தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அப்பா மாத்திரையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார். தன் நீரிழிவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு அம்மாவும் காத்திருப்பார். ஒரு நாள் காலை அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, அடுப்படியிலேயே சரிந்துவிட்டார். அப்பாதான் சீனித் தண்ணீர் கரைத்து ஊட்டினார். மறுநாள், "டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். இனிமே மாத்திரையப் போட்டுட்டு உடனே சாப்பிடலாமாம்" என்றார். அப்பா பொய் சொல்வார் என்று எங்களில் யாருக்குத் தோன்றும்? இருவரும் சேர்ந்தே பசியாறினார்கள்.

கொஞ்ச நாளில் அப்பாவின் கால்கள் வீங்கின. இரத்த அழுத்தம் ஏறியது. படியேற முடியாமல் தளர்ந்துபோனார். நோய் முற்றிவிட்டது என்றே நினைத்து நான் அழுதேன். அடுத்த முறை நானும் அவர்களோடு மருத்துவமனைக்குப் போனபோது, மருந்தாளுநரான ஒரு மலாய்ப் பெண், "பாக்சிக், மாத்திரை போட்டதும் எப்போ சாப்பிடுறீங்க?" என்று மலாயில், மாமா முறை வைத்துக் கேட்டார். அப்பா கூரையில் சுற்றும் காற்றாடியைப் பார்த்தார். அம்மாதான் பெருமையாகச் சொன்னார்: "அதெல்லாம் உடனே சாப்பிட்டுருவாரு. நீங்கதானே சாப்பிடலாம்னு சொன்னீங்க?"

"யார் சொன்னது, மாக்சிக்?" என்று அம்மாவை அத்தை முறை வைத்துக் கேட்டார்.

மூவரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தோம்.

அந்தப் பெண் திட்டவில்லை. சாப்பாட்டோடு சேர்ந்தால் அந்த மருந்து அளவுக்கு மீறி உடம்பில் ஏறிவிடும், அதனால்தான் இந்த வீக்கமும் இரத்த அழுத்தமும் என்று பொறுமையாக விளக்கினார். மருத்துவர் மாத்திரையைச் சிறிது காலம் நிறுத்தி, இரத்தத்தில் குறைந்திருந்த பொட்டாசியத்தைச் சரிசெய்து, பிறகு தொடங்கினார். அம்மாவிடமும் அந்தப் பெண் கண்டிப்பாகச் சொன்னார்: "நீங்க உங்க மாத்திரையப் போட்டா யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது."

வீட்டு வாசலில் அம்மா காரை விட்டு இறங்கியதும் உடைந்துபோனார். "உங்க உயிர வச்சா எனக்குச் சோறு போட்டீங்க?"

"நீ கீழ விழுந்தத நான்தானே பார்த்தேன்" என்றார் அப்பா.

மாத்திரையை மீண்டும் தொடங்கிய நாள் காலை, அம்மா தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கை போகவில்லை. கண்ணீர்தான் வந்தது. எதிரே வெறும் தண்ணீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்த அப்பா, "சாப்பிடு லா. உன் மூஞ்சியப் பார்த்து இட்லியே பயந்துரும்போல இருக்கு" என்றார். அம்மா ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்தார். தட்டு வைத்த நாளெல்லாம் அம்மா தன்னிடம் கேட்டதை, அன்று அப்பா முதல்முறையாக அவரிடம் கேட்டார்: "நல்லா இருக்கா?"

வீக்கம் வடிந்தது. என் மகள் பிறந்தாள். அப்பா அவளை மடியில் வைத்துக் கொஞ்சினார். அவள் நடந்து வந்து தம் மீசையை இழுக்கும்வரை இருந்தார். பின்னர் மருந்து வேலை செய்யாமல் போனது. சாப்பாடு இறங்காத கடைசி நாட்களிலும், காலையில் கண் திறந்ததும் அம்மாவைத்தான் தேடினார். "சாப்பிட்டியா?" அம்மா தலையாட்டிய பிறகே கண்ணை மூடுவார். "நான் போன பிறகும் முதல்ல நீதான் சாப்பிடணும். எனக்குப் படைக்கிறதுக்கு முன்னாடியும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தச் சத்தியத்தைத்தான் கருமாதியன்று நீங்கள் பார்த்தீர்கள்.

அப்பாவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், தாதியர், உண்மையைக் கேட்டு வாங்கிய அந்த மருந்தாளுநர், வேலைக்கு விடுப்பெடுத்து மருத்துவமனைக்குக் கார் ஓட்டிய பக்கத்து வீட்டுக்காரர்கள், இறுதிவரை துணைநின்ற சொந்தங்கள் அனைவரையும் எங்கள் குடும்பம் கைகூப்பி வணங்குகிறது. மருந்து தருபவர்களிடம் வீட்டில் நடப்பதை மறைக்காதீர்கள். அப்பாவின் பெயரால் நான் வேண்டுவது இதுதான்.

இன்றும் அம்மா சாப்பிட்ட பிறகே அப்பாவுக்கு இலை போட்டுப் படைப்பார். அம்மா தட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் முகம் திருப்பாமல் பக்கத்தில் போய், அப்பாவுக்காக ஒரு வார்த்தை கேளுங்கள்: "நல்லா இருக்கா?"