எபாவும் எப்பாவும்

அப்பா இருந்தார். பலாங்கொடை டவுனிலிருந்து வந்த அத்தை இருந்தார். அம்மா இருந்தார். தம்பி இருந்தான். நான் இருந்தேன். தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் புல் முளைத்த இடம். ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை.

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்போடு முடிந்தது. நான் ஒரு வருசம் பிந்திச் சேர்ந்தவள். அதனால் தம்பியும் நானும் ஒன்றாகவே முடித்தோம். அத்தை வீட்டில் தங்கி டவுனில் படிக்க ஒரு ஆளுக்குத்தான் இடம். நான் போகிறேன் என்றேன். எல்லாரும் தம்பி என்றார்கள். சாப்பிடாமல் கிடந்தேன். ரெண்டாம் நாள் அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அவனை மல்லுக்கட்டி மடக்கிக் காட்டு புள்ள. உன்னையே அனுப்புறேன்."

"அப்புறம் அழக் கூடாதுக்கா," என்றான் தம்பி.

"நீ மொதல்ல மூக்கைச் சிந்திட்டு வா."

ஆற்றோரத்தில் சிங்களப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிப் பழகியவர்கள் நாங்கள். தோற்றால் சொல்லும் சொல்லும் அவர்களுடையதுதான். எபா. வேணாம் என்று அர்த்தம். எபா என்று கேட்டால் அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும்.

தம்பியைச் சீக்கிரமே விழுத்தினேன். குறுக்கே படுத்து அமுக்கினேன். ஆனால் அப்படியே கிடந்தால் அவன் தோற்கமாட்டான். நெஞ்சில் ஏறி உட்கார்ந்து கையை முறுக்க வேண்டும். அதற்கு இந்தப் பிடியை விட்டு அந்தப் பிடிக்குப் போகணும். போகிற வழிதான் மோசம். அங்கே நமக்குப் பிடி ஏதும் கிடையாது. முழங்காலை அவன் வயிற்றில் ஊன்றி மற்றக் காலைத் தூக்கினேன்.

"எப்பா!" என்று கத்தினான்.

கையை எடுத்தேன்.

அவன் இடுப்பை உதறிப் புரண்டான். என் முதுகில் ஏறிக் கழுத்தைச் சுற்றிக் கை போட்டான்.

"எபா சொல்லிட்டாம்ப்பா! சொல்லிட்டான்!" என்று கத்தினேன்.

"எங்க சொன்னான்? வலிச்சிச்சு, எப்பான்னான். அது நம்ம தமிழு," என்றார் அப்பா.

அத்தை சிரித்தார். தம்பியின் கை இறுகியது. மூச்சு முட்டியது. எபா என்றேன். அது சிங்களம் என்று எல்லாருக்கும் விளங்கியது.

தம்பி கை கொடுத்துத் தூக்கினான். "மெய்யாவே வலிச்சிச்சுக்கா," என்றான். நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். அன்றைக்குக் கையை எடுக்காமல் இருந்திருந்தால் டவுனுக்குப் போயிருப்பேன் என்றும் பல வருசம் நம்பினேன்.

மறுநாள் காலையில் அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தார். பள்ளிக்கூட உடுப்பு தைத்து, தேய்த்து, மடித்து இருந்தது. டவுன் தையல்காரர் எதைக் கொடுத்தாலும் ஒரு கிழமை, ஏழு நாள், ஆகாமல் தரமாட்டார். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அத்தையின் பையில் வைக்க நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன்.

வெள்ளைச் சட்டை ரெண்டு. நீலக் கால்சட்டை ரெண்டு.