அவுட்டரில் நின்ற கல்யாணப் பத்திரிகை

சேலைகளுக்கு எம்பிராய்டரி டிசைன் போட்டுக் கொடுப்பது என் வேலை. அதற்காக வாங்கிய கம்ப்யூட்டரில்தான் ரயில் ஓட்டும் விளையாட்டும் வந்து சேர்ந்தது. எனக்கு வயது நாற்பது தாண்டியிருந்தது.

முதலில் கிடைத்த பாதைகளெல்லாம் நெடுகப் பச்சை விளக்கு. நத்தம் ரோட்டில் ஸ்கூட்டி ஓட்டினால்கூட நாலு ஆடு குறுக்கே வரும். இதில் அதுவும் கிடையாது. கொட்டாவிதான் வந்தது. சிக்னல் நிறைய உள்ள பாதை எது என்று ஆன்லைன் குழுவில் கேட்டேன். ஏதோ வெளிநாட்டு நகரத்தின் புறநகர்ப் பாதையைச் சொன்னார்கள்.

அதில் கண்ணை இமைக்க நேரமில்லை. பச்சை, இரட்டை மஞ்சள், ஒற்றை மஞ்சள், சிவப்பு என்று விளக்கு மாறிக்கொண்டே இருக்கும். கடைசி ஸ்டேஷனுக்கு முன்னால் தண்டவாளங்களுக்கு மேலே வரிசையாக விளக்குகள். அதில் நம்முடையது எது என்று கண்டுபிடிப்பதற்குள் வண்டி தாண்டிவிடும். சிவப்பைத் தாண்டினால் திரை இருண்டுபோகும், ஆட்டம் முடிந்தது. ஒரு தடவைகூட ஊர் போய்ச் சேரவில்லை. ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன்.

சாணார்பட்டியில் தக்காளி வெள்ளாமை பார்த்துவந்த என் மாமியார், முழங்கால் வலிக்குப் பிறகு எங்களோடு வந்துவிட்டார். அவரைக்காயை ஆய்ந்தபடி பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். திரை இருண்டால் உள்ளே இருந்த சனம் என்ன ஆச்சு என்று கேட்பார். அதெல்லாம் நிஜ மனுஷங்க இல்லை அத்தை என்றேன்.

"பிளாட்பாரத்துல குடை புடிச்சுக்கிட்டு நிக்குது. மனுசன் இல்லேங்குறே" என்றார்.

அந்தச் சனத்துக்காக அவரே சிக்னல் பார்க்க ஆரம்பித்தார். பக்கத்துத் தண்டவாளத்து விளக்கையும் சேர்த்துச் சொல்லுவார். "மஞ்ச" என்றதும் நான் பிரேக் போட, எங்கள் விளக்கு பச்சையாக இருக்கும். மஞ்சளை நெருங்கும்போது வண்டியில் எச்சரிக்கை ஒலி வந்தால் குக்கர் என்று அவர் அடுப்படிக்குப் போவார். குக்கர் விசிலடித்தால் நான் அந்த ஒலியை நிறுத்தும் பட்டனை அமுக்குவேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம், முதல் தடவையாக ஊரை நெருங்கிக்கொண்டிருந்தேன். அப்போது மாமியாரின் தம்பியும் அவர் மனைவியும் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார்கள். கணவர் கடையில் இருந்தார். தாம்பாளத்தை நான்தான் எழுந்து நின்று வாங்க வேண்டும். நானோ திரையைப் பார்த்தபடியே வாங்க மாமா என்றேன். ஆட்டத்தை நிறுத்திவைக்க ஒரு பட்டன் உண்டு. சத்தியமாக அது நினைவுக்கே வரவில்லை.

மாமாவின் முகம் சுருங்கியிருக்க வேண்டும். மாமியார் சொன்னார்: "அவ வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கா. ஸ்டேசன் வந்ததும் எந்திரிப்பா. செத்த நேரம் உக்காருங்க."

சரியாக அப்போது சிவப்பு வந்தது. நின்றேன். சிவப்பு போகவே இல்லை.

தாம்பாளத்தோடு மாமா பின்னால் வந்து நின்றார். "அவுட்டர்ல போட்டுட்டானா?" என்றார். குரலில் கோபம் போய்விட்டிருந்தது. ஊர் கண்ணுக்குத் தெரிய, ஸ்டேஷனுக்கு வெளியே சிக்னலுக்காகக் காத்துக் கிடக்கும் அந்த வேதனை திண்டுக்கல்லுக்கு ரயிலில் வந்தவர் யாருக்கும் தெரியும். மதுரையிலிருந்து வரும்போதெல்லாம் தன்னை அவுட்டரில் போட்ட கதைகளைச் சொல்லத் தொடங்கினார். சனம் இறங்கி நடந்துவிடக்கூடாதா என்று அவர் மனைவி கேட்டார். மாமியார் காப்பி கொண்டுவந்தார். நாலு பேரும் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு குடித்தோம்.

ஒருவழியாக ஒற்றை மஞ்சள் வந்தது. "சிக்னல் விழுந்துருச்சு, எடு தாயி" என்றார் மாமா.

ஊர்ந்து போய் நிறுத்திக் கதவைத் திறந்தேன். சனம் இறங்கிப் போனது. மாமியார் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். எழுந்து நின்று தாம்பாளத்தை வாங்கிக்கொண்டேன். தாமதம் என்று மதிப்பெண் மட்டும் குறைவாக வந்திருந்தது.

தாடிக்கொம்பில் நடந்த அந்தக் கல்யாணத்தில் மாமாவின் மனைவி என்னைச் சொந்தங்களிடம் அறிமுகப்படுத்தினார். இந்தப் பொண்ணு ரயில் ஓட்டுது என்றார். சின்னாளப்பட்டிக்காரர் ஒருவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். எக்ஸ்பிரஸ் வண்டியைத் தங்கள் ஊருக்குப் பக்கத்து ஸ்டேஷனான அம்பாத்துரையில் ஒரு நிமிஷம் நிறுத்த ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டார். அது விளையாட்டுங்க என்று சொல்ல வாயெடுத்தேன்.

மாமியார் முந்திக்கொண்டார். "சொல்லிப் பாக்குறோம்யா" என்றார்.