கூழைக்கடாவும் குழாயும்

ராயபுரத்து ஆன்சி துறைமுகத்தில் வேலை பார்ப்பவள். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளின் எண்களைச் சரிபார்ப்பது பதினெட்டு வருஷமாக அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் கேமராவை மாட்டிக்கொண்டு எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போய்விடுவாள். பறவைகளைப் படமெடுக்கும் பித்து நாற்பது வயதுக்கு மேல் பிடித்தது.

சொந்தமாக ஒரு தொலைவு லென்ஸ் வாங்க நினைத்தபோது, தான் சேர்ந்திருந்த பறவைப்படச் சங்கத்தின் செயலாளர் ரகுநந்தனிடம் யோசனை கேட்டாள்.

"பிரைம்தான் மேடம், வேற பேச்சே இல்லை. கிட்ட இழுக்கவோ தள்ளவோ முடியாது, ஒரே அளவுல நிக்கிற லென்ஸ். இறகு இறகா எண்ணலாம். பின்னாடி இருக்கிற சிம்னி, குப்பை எல்லாம் கரைஞ்சு பட்டுத்துணி மாதிரி ஆயிடும். வளையத்தைத் திருப்பி இழுக்கிற ஜூம் எல்லாம் கல்யாண வீட்டுக்கு."

வாங்குமுன் பழகிப் பார்க்கலாம் என்று ஒரு பிரைமை வாடகைக்கு எடுத்தாள். அவர் சொன்னது பொய்யில்லை. விடியல் மங்கலிலும் மீன்கொத்தியின் கண் பளிச்சென்று விழுந்தது.

அந்த ஞாயிறு, முகத்துவாரக்குப்பத்துப் பூவம்மா அவளைக் கைதட்டிக் கூப்பிட்டாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று கையாலேயே இறால் தடவிப் பிடிப்பவள்.

"இங்க வாமே, இந்த அநியாயத்த வந்து பாரு!"

ஓடைக்கு அந்தப்புறம், ஓர் ஆலையின் கழிவுக் குழாய்க்குக் கீழே, கூழைக்கடா ஒன்று கிடந்தது. இறக்கை முழுக்கக் கறுப்பு எண்ணெய். எழப் பார்த்தது, குப்புற விழுந்தது, மறுபடியும் எழப் பார்த்தது. பூவம்மாவின் கால்களிலும் முழங்கால்வரை அதே கறுப்பு.

ஆன்சி படமெடுத்தாள். பிரைமுக்குள் பறவை மட்டும்தான் அடங்கியது. குழாயையும் சேர்க்கலாமென்றால் பின்வாங்க இடமில்லை. முதுகில் மதில் இடித்தது. செல்போனில் எடுத்தாள். குழாய் விழுந்தது, பறவை ஒரு பொட்டாகிவிட்டது. பறவைகளை மீட்கும் ஆட்களுக்குப் போன் செய்தாள். வருகிறோம் என்றார்கள்.

மறுநாள் பூவம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், திங்கட்கிழமைக் குறைகேட்புக் கூட்டத்தில் இரண்டு படங்களையும் வைத்தாள். அதிகாரி பெரிதாக்கிப் பார்த்தார்.

"அருமையான படம் மேடம். ஆனா இது எண்ணூர்னு எப்படிச் சொல்றது? பின்னாடி ஒண்ணுமே தெரியலையே. இந்த போன் படத்துல பறவையே இல்லை."

"எங்க குழாய்ல மழைத்தண்ணி மட்டும்தான் சார் வருது," என்றார் கூட்டத்துக்கு வந்திருந்த ஆலைக்காரர். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

வெளியே வந்ததும் பூவம்மா வெடித்தாள். "என் காலப் பாக்கக்கூடாதா அந்தாளு? இது இன்னா, நான் பூசிக்கினு வந்த மையா?"

ஆன்சி பறவைப் படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். பின்னணியைக் கரைப்பதற்காகத்தானே அந்த லென்ஸை அப்படிப் புகழ்ந்தார்கள்? கரைந்து போனது குழாய். தப்பித்துக்கொண்டது ஆலை.

செவ்வாய்க்கிழமை பிரைமைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜூம் கேட்டாள்.

கடைக்காரர் தயங்கினார். "ஓரம் கொஞ்சம் மழுங்கும் மேடம். வெளிச்சம் கம்மின்னா படத்துல புள்ளி தட்டும்."

"தட்டட்டும்," என்றாள்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனாள். மீட்க யாரும் வந்திருக்கவில்லை. பறவை அதே இடத்தில், தலையை மட்டும் தூக்கிக்கொண்டு கிடந்தது. முதலில் அதன் கண்ணை எடுத்தாள். கேமராவை இறக்காமலே லென்ஸின் வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். எண்ணெய் ஒட்டிய இறக்கை, கறுத்த தண்ணீர், ஒழுகும் குழாயின் வாய், கடைசியில் ஆலை மதில்மேல் அதன் பெயர்ப்பலகை என்று ஒவ்வொன்றாகப் படத்துக்குள் வந்து சேர்ந்தன. ஒரே நிமிஷத்தில் பன்னிரண்டு படங்கள். புள்ளி தட்டத்தான் செய்தது.

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்த அதிகாரி, பறவையும் குழாயும் சேர்ந்து விழுந்த ஒன்பதாவது படத்தில் நிமிர்ந்து ஆலைக்காரரைப் பார்த்தார். மழைத்தண்ணி என்ற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. பத்து நாளில் குழாயை அடைத்தார்கள். ஆனால் கூழைக்கடா அந்தப் புதன்கிழமை சாயங்காலமே செத்துவிட்டது. அதிகாரி முதல் கூட்டத்தன்றே நேரில் போய்ப் பார்த்திருந்தால் பிழைத்திருக்குமே என்ற ஆத்திரம் அவளுக்கு ஆறவே இல்லை.

ரகுநந்தன் போன் செய்தார். "அந்தக் கூழைக்கடா படத்தைக் கண்காட்சியில நடுவுல மாட்டறேன் மேடம். குழாயை மட்டும் வெட்டிக் குடுத்துடுங்க. பாக்கறவங்களுக்கு மனசு கெட்டுப்போகும்."

"கெடட்டும் சார். அது செத்ததே அந்தக் குழாயாலதான். வெட்டித்தான் மாட்டணும்னா என் படமே வேணாம்."

சங்கத்திலிருந்தும் விலகிக்கொண்டாள். படத்தைப் பெரிதாக அச்சடித்துப் பூவம்மாவிடம் கொடுத்தாள். பூவம்மா படத்தில் குழாயின்மேல் விரலை வைத்தாள்.

"அந்தாண்ட இன்னும் நாலு குழா கீது தங்கச்சி," என்றாள். "ஞாயித்துக்கெழம படகு சொல்லட்டா?"

"ஞாயித்துக்கெழம வரைக்கும் ஏன் யக்கா?" என்றாள் ஆன்சி. "நாளைக்கே சொல்லு."